ஆட்டம் மாறினாலும் கூட்டம் கலையாதிருக்க

பழைய மகாபலிபுரம் சாலை என்று இன்றும் பலரால் அழைக்கப்படும் ராஜீவ் காந்தி சாலையில், சோழிங்கநல்லூரைத் தாண்டிச் சிறுசேரியை நோக்கிப் போகும் வழியில் அமைந்திருக்கும் நாவலூர், ஒரு தலைமுறைக்கு முன்பு வரை வயலும் ஏரியுமாக இருந்து, இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளும், கணினி நிறுவனங்களில் பணிபுரிவோர் தங்கும் விடுதிகளும் நெருங்கி நிற்கும் ஊராகிவிட்டது. திருநெல்வேலியிலிருந்தும் தேனியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் உத்தியோகத்தின் பொருட்டு இங்கே வந்து, பக்கத்து அறையில் இருப்பவரின் பெயரைக்கூட அறியாமல் மாதக்கணக்கில் வாழ்ந்துவிடுகிற இளைஞர்களில் பலர், இரவுச் சாப்பாடு முடிந்த பிறகு காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, மதுரையில் ஒருவர், கோயம்புத்தூரில் ஒருவர், துபாயில் ஒருவர் என்று சிதறிக் கிடக்கும் முப்பது நாற்பது பேரோடு ஒரே களத்தில் இறங்கி ஆடுகிறார்கள். இப்படிச் சேர்ந்து ஆடும் நிலையான கூட்டத்தை ஃப்ரீ ஃபயர் ஆடுகிறவர்கள் கில்டு என்றும், கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் ஆடுகிறவர்கள் கிளான் என்றும் சொல்லுகிறார்கள். கூட்டத்துக்கு ஒரு பெயர் உண்டு, ஒரு சின்னம் உண்டு, உள்ளே வருவதற்கும் வெளியே அனுப்புவதற்கும் நியதிகள் உண்டு. கிளாஷ் ஆஃப் கிளான்ஸில் ஒரு கிளானில் 50 பேர் வரை இருக்கலாம். லீடர், கோ-லீடர், எல்டர், மெம்பர் என்று நான்கு படிகள் வகுக்கப்பட்டிருக்கின்றன.

பொழுது போகாத பிள்ளைகளின் வேடிக்கைக்கு ஒரு கட்டுரை வேண்டுமா என்று சில பெரியவர்கள் நினைக்கக்கூடும். அவர்கள் ஒன்றை மட்டும் ஆலோசித்துப் பார்க்க வேண்டுகிறேன். சம்பளம் கொடுத்து வேலை வாங்குகிற அதிகாரிக்கும், உறவின் உரிமையால் குடும்பத்தை நடத்துகிற தகப்பனாருக்கும் கைகொடுக்கிற பிடிமானங்களில் ஒன்றுகூட இல்லாமல், முகம் பார்த்திராத ஐம்பது பேரை, அவர்களுடைய சொந்த விருப்பத்தின் பேரிலேயே, குறித்த நேரத்தில் குறித்த இடத்துக்கு வரவழைத்து, ஒவ்வொருவரையும் அவரவர்க்குரிய காரியத்தைச் செய்யும்படி செய்து, தோற்ற இரவிலும் மனஸ்தாபம் இல்லாமல் கலைந்துபோகச் செய்கிறவர் இந்தக் கில்டுத் தலைவர். பிடிக்காத உறுப்பினர் கட்டைவிரலால் ஒருமுறை தொட்டால் வெளியேறிவிடலாம். தடுப்பதற்குத் தலைவரிடம் எந்த அதிகாரமும் கிடையாது. பைரன் ரீவ்ஸ், தாமஸ் மலோன், டோனி ஓ'டிரிஸ்கால் ஆகிய மூன்று அறிஞர்கள் 2008 மே மாதத்தில் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ சஞ்சிகையில் எழுதிய கட்டுரையில், நாளைய வியாபார ஸ்தாபனங்களின் தலைமை எப்படி இருக்கும் என்பதை இத்தகைய விளையாட்டுகளில் முன்கூட்டியே காணலாம் என்று வாதித்தார்கள்; இவற்றில் தலைமை என்பது ஒரு மனிதரோடு ஒட்டிப் பிறந்த லக்ஷணமாகக் கருதப்படாமல், அப்போதைக்கு ஒருவர் ஏற்றுச் செய்யும் வேலையாகக் கருதப்பட்டுக் கைமாறிக்கொண்டே இருப்பதை அவர்கள் சிறப்பாக எடுத்துக்காட்டினார்கள்.

அந்தத் தலைமைக்கு உண்மையான சோதனை, வழக்கமான இரவுகளில் வருவதில்லை. ஆட்டமே மாறும்போதுதான் வருகிறது. நம் நாட்டு ஆட்டக்காரர்கள் இந்த விஷயத்தில் அடைந்த அனுபவம் சாமானியமானதன்று. 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தபோது, அவற்றுள் பப்ஜி மொபைல் ஆட்டமும் ஒன்றாக இருந்தது. அதே ஆண்டு அக்டோபர் 30-ஆம் தேதியோடு அதன் சேவை இந்தியாவில் முற்றும் நின்றது. ஊரடங்கினால் நாவலூர் விடுதிகளைக் காலி செய்து சொந்த ஊர்களுக்குத் திரும்பியிருந்த இளைஞர்களுக்கு, அலுவலகமும் நண்பர் வட்டமும் கலைந்துபோயிருந்த காலத்தில் மிச்சமிருந்த ஒரு சந்திப்பும் அன்றோடு போயிற்று. 2021 ஜூலை 2-ஆம் தேதி அதே ஆட்டம் பி.ஜி.எம்.ஐ. என்ற புதுப் பெயரோடு, பழைய கணக்கை மாற்றிக்கொள்ளும் வசதியோடு வந்தது. 2022 ஜூலை 28-ஆம் தேதி அதுவும் செயலிக் கடைகளிலிருந்து அகற்றப்பட்டது. 2023 மே மாத இறுதியில், 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு நாளொன்றுக்கு 3 மணி நேரம், மற்றவர்களுக்கு 6 மணி நேரம் என்ற வரம்போடு மறுபடியும் திரும்பியது. நடுவில், 2022 பிப்ரவரி 14-ஆம் தேதி தடை செய்யப்பட்ட 54 செயலிகளுள் ஃப்ரீ ஃபயரும் இருந்தது. ஆயினும், அதன் மறுவடிவமான ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் அந்தப் பட்டியலில் இல்லாமையாலும், பழைய கணக்கைக் கொண்டே அதில் நுழைய முடிந்தமையாலும், அந்தக் கில்டுகளில் பல பெயரும் ஆளும் குறையாமல் இடம் பெயர்ந்தன.

இந்த இரண்டு அனுபவங்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர்க்கு ஒரு விஷயம் விளங்கும். ஃப்ரீ ஃபயர் கில்டுகளைக் காப்பாற்றியது பெரும்பாலும் அதிருஷ்டம். போக ஒரு வீடு இருந்தது, போனார்கள். பப்ஜி ஆடியவர்களுக்கோ, எட்டு மாதம் போக்கிடம் இல்லை. அந்த எட்டு மாதத்தில், ஆட்டத்துக்குள்ளிருந்த அரட்டைப் பெட்டியை மட்டுமே நம்பியிருந்த கூட்டங்கள், சேவை நின்ற அன்றே ஒருவரையொருவர் கண்டுபிடிக்க வழியில்லாமல் போயின. வாட்ஸ்அப் குரூப்பிலோ டிஸ்கார்டிலோ தனியே ஒரு கூடம் அமைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு, ஆட்டம் போனாலும் பேச்சுப் போகவில்லை. ஆகையால், கில்டின் உயிர் ஆட்டத்துக்குள் இருக்கிறது என்று எந்தத் தலைவரும் நினைத்துவிடலாகாது. ஆட்டம் ஒரு நிறுவனத்தின் சொத்து. அதை நிறுவனம் மாற்றலாம், நிறுத்தலாம், அரசு தடுக்கலாம். தலைவருக்குச் சொந்தமாக இருப்பது உறுப்பினர்களிடையே அவர் வளர்த்திருக்கும் பரஸ்பர விசுவாசம் ஒன்றுதான், அதற்கு ஆட்டத்துக்கு வெளியே ஒரு இருப்பிடம் அமைத்துக் கொடுப்பது அவருடைய கடமை.

ஆட்டம் முழுவதுமாக நின்றுபோவதைவிடக் கஷ்டமான மாற்றம் ஒன்று உண்டு. ஆட்டம் நடந்துகொண்டே இருக்க, அதன் அளவுகள் மாறுவது. இதற்கு உலகமறிந்த உதாரணம், பிளிஸார்டு என்னும் அமெரிக்க நிறுவனம் 2004 நவம்பரில் வெளியிட்ட வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட். அதன் தொடக்க காலத்தில், மோல்டன் கோர் போன்ற பெரிய கோட்டைகளுக்குள் நுழைந்து அங்குள்ள பூதங்களை வெல்ல 40 பேர் ஒரே நேரத்தில் போக வேண்டியிருந்தது. இதை ஆட்டக்காரர்கள் ரெய்டு என்பார்கள். அடிகளை ஏற்று முன்னே நிற்பவர்கள் டேங்க், காயத்தை ஆற்றுகிறவர்கள் ஹீலர், மற்றவர்கள் தாக்குகிறவர்கள். நாற்பதில் இரண்டு பேர் கவனம் பிசகினால் நாற்பது பேரும் மடிந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். இந்த நாற்பது பேரைத் திரட்டுவதற்காகவே கில்டுகள் அறுபது, எழுபது உறுப்பினர்களைச் சேர்த்து, வாரத்தில் பல இரவுகளைக் கழித்து, மாதக்கணக்கில் பழகி, ஒருவர் குரலைக் கேட்டே இன்னொருவர் மனநிலையை அறியும் அளவுக்கு ஒன்றுபட்டிருந்தன.

2007 ஜனவரி 16-ஆம் தேதி, தி பர்னிங் குருசேடு என்ற புதிய பாகம் வந்தது. அதில் பெரிய ரெய்டுகளின் அளவு 25 பேர். அதற்கும் முன்படியாக அமைந்த கராஸான் என்ற கோட்டைக்குப் பத்துப் பேர் மட்டுமே போகலாம். இந்தச் சிறு எண் மாற்றம் கில்டுத் தலைவர்களின் தலையில் இறக்கிய பாரத்தைக் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். ஒழுங்காக வந்து ஆடுகிற நாற்பதில் இருபத்தைந்து போனால் பதினைந்து பேர் மிஞ்சுகிறார்கள். இரண்டு அணிகளாகப் பிரிக்கலாம் என்றால் ஐம்பது பேர் வேண்டும், பத்துப் பேர் குறைகிறார்கள். பத்துப் பத்தாகப் பிரித்துக் கராஸானுக்கு அனுப்பினால், நன்றாக ஆடுகிற பத்துப் பேர் தாங்களே சேர்ந்துகொண்டு முன்னேறிவிடுகிறார்கள். இரண்டாம், மூன்றாம் அணிகள் பின்தங்கி மனம் கசந்துபோகின்றன. பிறகு இருபத்தைந்து பேராக ஒன்று சேர்க்க வேண்டிய நாள் வரும்போது, பத்துப் பேராக ருசி கண்டவர்கள் மற்றவர்களோடு சேர இஷ்டப்படுவதில்லை. இந்தச் சிக்கலினால் உலகெங்கும் பல கில்டுகள் உடைந்தன. சில கில்டுகள் ஒன்றோடொன்று இணைந்தன. ஆண்டுக்கணக்கில் சேர்ந்து ஆடியவர்கள் பேச்சுவார்த்தையே இல்லாதவர்களானார்கள்.

இத்தனைக்கும் மாற்றம் வரப்போவது மாதங்களுக்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. தெரிந்திருந்தும், யாரை நிறுத்துவது, யாரை அழைப்பது என்ற கசப்பான பேச்சைக் கடைசி நாள் வரை ஒத்திப்போடுகிற தலைவர், விருந்தினரை இலை போட்ட பிறகு பந்தியிலிருந்து எழுப்பிவிடுகிற வீட்டுக்காரரின் நிலைமைக்கு வந்துவிடுகிறார். எவ்வளவு மரியாதையாகச் சொன்னாலும் எழுந்தவர் மனம் ஆறாது. இடம் இருபத்தைந்துதான் என்பதை முதலிலேயே சபையில் சொல்லி, எந்த அடிப்படையில் தேர்வு நடக்கும் என்பதையும் சொல்லி, இரவுப் பணியினாலோ குடும்பத்தினாலோ ஒழுங்காக வர இயலாதவர்கள் தாங்களாகவே மாற்று ஆட்களாக நிற்க முன்வருவதற்கு அவகாசமும் கொடுத்தால், அதே பதினைந்து பேரும் விலக்கப்பட்டவர்களாக அல்லாமல், கலந்தாலோசிக்கப்பட்டவர்களாக இருப்பார்கள். சிறுசேரியில் அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் வாரம் மூன்று நாள் வர முடியாது என்று தாமே சொல்லுவதற்கும், அவர் வராததைக் கணக்கெடுத்து ஒருநாள் அவர் பெயரை நீக்குவதற்கும் விளைவு ஒன்றாக இருக்கலாம். ஆனால் முன்னவர் அந்தக் கில்டின் நண்பராகவே இருப்பார், பின்னவர் இருக்கமாட்டார்.

பங்கீடு என்பது இன்னொரு நுட்பமான விஷயம். நாற்பது பேர் சேர்ந்து ஒரு பூதத்தை வென்றால் கிடைப்பது இரண்டு மூன்று ஆயுதங்களே, யாருக்குக் கொடுப்பது? 1999 மார்ச்சில் வெளிவந்த எவர்குவெஸ்ட் என்ற ஆட்டத்தில் ஆஃப்டர்லைஃப் என்னும் கில்டு இதற்கு ஓர் உபாயம் கண்டது. டிராகன் கில் பாயிண்ட்ஸ் என்று பெயர். ரெய்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் புள்ளிகள் சேரும். பொருள் வேண்டுபவர் தம் புள்ளிகளைச் செலவிட்டுப் பெற்றுக்கொள்ளலாம். பட்சபாதத்துக்கு இடமில்லாத இந்த முறை ஆட்டத்துக்கு ஆட்டம் பரவி, வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் கில்டுகளிலும் வேரூன்றியது. ஆயினும் காலம் செல்லச் செல்ல அதிலேயே ஓர் அநீதி முளைத்தது. பழைய உறுப்பினர்களிடம் புள்ளிகள் மலைபோலக் குவிந்துவிட, புதிதாக வந்தவர் எவ்வளவு உழைத்தாலும் நல்ல பொருள் எதையும் எட்டிப் பிடிக்க முடியாமல் போயிற்று. புதிய பாகம் வரும்போது பழைய புள்ளிகளை அழித்துவிடுவதா, வாரந்தோறும் ஒரு பங்கு தேயும்படி செய்வதா, அப்படியே விட்டுவிடுவதா என்பது கில்டுக்குக் கில்டு பெரும் விவாதமாயிற்று. அழித்தால் மூத்தவர்கள் உழைப்பு வீணாயிற்று என்பார்கள். விட்டால் இளையவர்கள் நிற்கமாட்டார்கள். எனக்குத் தேய்மானமே நியாயமாகப் படுகிறது. ஏனெனில் அது கடந்த காலத்தின் உழைப்பை மதிக்கிறது, ஆனால் என்றென்றைக்கும் பட்டா எழுதிக் கொடுத்துவிடுவதில்லை.

விதியை மாற்றுவது விதி இல்லாமையின் அடையாளம் என்று எண்ணுகிறவர்கள், நம்முடைய வட்டாரத்திலேயே, செங்கற்பட்டுக்குத் தென்மேற்கே உள்ள உத்தரமேரூருக்கு ஒருமுறை போய்வர வேண்டும். அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழனின் ஆட்சியில், 919-ஆம் ஆண்டில் ஒன்றும் 921-ஆம் ஆண்டில் ஒன்றுமாக இரண்டு சாசனங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. முப்பது குடும்புகளாக, அதாவது வட்டங்களாக, பிரிக்கப்பட்ட ஊர், குடவோலை மூலம் வாரியங்களுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை முதல் சாசனம் வகுத்தது; இரண்டே ஆண்டுகளுக்குள் இரண்டாம் சாசனம் அதைத் திருத்தியது. முப்பது முதல் அறுபது என்றிருந்த வயது வரம்பு, முப்பத்தைந்து முதல் எழுபது என்று மாற்றப்பட்டது. பதவியில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர்களும் அவர்களுடைய உறவினர்களும் விலக்கப்பட்டார்கள். கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வரலாகாது. குறை கண்டதும் திருத்தினார்கள், திருத்தியதை ஊரார் எல்லோரும் பார்க்கும்படி கல்லில் எழுதினார்கள். கில்டுத் தலைவர் விதியை மாற்றுவது குற்றமன்று. தம் மனத்துக்குள் மாற்றிக்கொண்டு, ரெய்டு முடிந்த பிறகு அறிவிப்பதுதான் குற்றம். டிஸ்கார்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி நிலைநிறுத்தப்பட்ட ஒரு செய்தி, அந்தக் கல்வெட்டு செய்த வேலையைச் செய்ய வல்லது.

அதிகாரத்தை யார் கையில் வைப்பது என்பதில் அலட்சியம் செய்த கூட்டத்துக்கு நேர்ந்ததை ஈவ் ஆன்லைன் ஆட்டக்காரர்கள் இன்றும் பேசுகிறார்கள். ஐஸ்லாந்தின் சி.சி.பி. நிறுவனம் 2003-இல் தொடங்கிய அந்த விண்வெளி ஆட்டத்தில், பேண்டு ஆஃப் பிரதர்ஸ் என்ற கூட்டணி பெரும் பிரதேசத்தை ஆண்டுகொண்டிருந்தது. 2009 பிப்ரவரியில் அதன் நிர்வாகிகளுள் ஒருவர் எதிரணியான கூன்ஸ்வார்முக்கு மாறிச் சென்றார். செல்லும்போது, தமக்கிருந்த அதிகாரத்தைக் கொண்டு கூட்டணியையே கலைத்துவிட்டார். எதிரணி அந்தப் பெயரை உடனே தன்வசமாக்கிக்கொண்டது. போரினால் வீழ்த்த முடியாத ஸ்தாபனம், ஒரு நிர்வாகியின் கையெழுத்துப் போன்ற ஒரே செயலால் வீழ்ந்தது. அதைத் துரோகம் என்று சொல்லி நின்றுவிடலாம். கூட்டத்தையே கலைக்கும் சாவியை ஒற்றைக் கையில் கொடுத்துவைத்தவர்களின் பொறுப்பையும் சேர்த்துப் பார்ப்பதே நேர்மை.

இனி, மாற்றங்களுள் மிகவும் சாதாரணமானதும், தலைவர்கள் மிகவும் தயங்குவதும், தலைவரே விலகவேண்டி வருவது. கல்யாணமாகிறது, ஆன்சைட் வாய்ப்பு வருகிறது, குழந்தை பிறக்கிறது, அல்லது ஒன்றுமே இல்லாமல் வெறுமனே மனம் களைத்துப்போகிறது. அண்ணா, அண்ணா என்று எல்லோரும் எல்லாவற்றுக்கும் தம்மையே அழைத்துப் பழகிவிட்ட நிலையில், விலகுவதாகச் சொல்ல மனமில்லாமல், வருவதைச் சிறிது சிறிதாகக் குறைத்து, ஒருநாள் வராமலே போய்விடுகிற தலைவர்களால் அழிந்த கில்டுகள், தோல்வியினால் அழிந்த கில்டுகளைவிட அதிகம் என்பது என் அபிப்பிராயம். தாம் இருக்கும்போதே, ஒரு வாரம் ரெய்டைத் துணைத் தலைவர் நடத்தட்டும் என்று விட்டுவிட்டுத் தாம் ஒரு சாதாரண உறுப்பினராக நின்று ஆடிப்பார்க்கிற தலைவருக்கு, தம் கூட்டத்தின் பலமும் பலவீனமும் ஒரே இரவில் தெரிந்துவிடும். துணைத் தலைவர் தடுமாறினால் மைக்கில் குறுக்கிடாமல் இருப்பதற்கு மிகுந்த பொறுமை வேண்டும். ஆனால் அந்தப் பொறுமையே அவர் கில்டுக்குச் செய்யும் கடைசிப் பேருபகாரமாகும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. நார்வே தேசத்தில் மாட்ஸ் ஸ்டீன் என்ற இளைஞர், தசைகளைச் சிதைக்கும் நோயால் பீடிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் வாழ்ந்து, 2014 நவம்பரில், 25-ஆம் வயதில் காலமானார். மகனுக்கு நண்பர்கள் என்று எவருமே வாய்க்கவில்லையே என்று வருந்தியிருந்த பெற்றோர், மரணச் செய்தியை இணையத்தில் அறிவித்தபோது, வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டில் இபெலின் என்ற பெயரில் அவரை அறிந்திருந்தவர்களிடமிருந்து அனுதாபக் கடிதங்கள் குவிந்தன. ஸ்டார்லைட் என்ற அவருடைய கில்டைச் சேர்ந்தவர்கள் பல நாடுகளிலிருந்து இறுதிச் சடங்குக்கு நேரில் வந்தார்கள். அவர் வாழ்க்கை 2024-இல் ஒரு ஆவணப்படமாயிற்று. கில்டு என்பது எல்லா இடத்திலும் இப்படித்தான் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. பணயம் வைத்து ஆடும் சூதாட்டங்களும் இதே கைப்பேசியில்தான் இருந்தன; 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணத்தைப் பணயமாக வைக்கும் ஆட்டங்களைத் தடுத்து, மின்விளையாட்டுப் போட்டிகளை அங்கீகரித்து, இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்திருக்கிறது. தலைவரானவர் அந்தக் கோட்டை அறிந்திருக்க வேண்டும். யாராவது வேறு ஆட்டத்துக்குப் பந்தயம் கட்ட அழைத்தால் அதைக் கில்டின் குரூப்பில் ஒரு நிமிஷமும் இருக்கவிடக் கூடாது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் உறுப்பினராக இருந்தால், பரீட்சைக் காலத்தில் அவர்களை ரெய்டுக்கு அழைக்காமல் விடுவதும், இரவு நீண்டால் போய்த் தூங்கச் சொல்லுவதும் அவர் வேலையே.

நாவலூரில் இதைப் படிக்கும் கில்டுத் தலைவர்கள் யாரேனும் இருந்தால், அவர்களை வேண்டிக்கொள்வது இவ்வளவுதான்: அடுத்த அப்டேட்டுக்கோ அடுத்த தடைக்கோ காத்திராமல், இந்த வாரமே உங்கள் விதிகளை எழுதி எல்லோரும் பார்க்கும் இடத்தில் வையுங்கள், உறுப்பினர்களை அழைக்க ஆட்டத்துக்கு வெளியே ஒரு வழி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், வருகிற சனிக்கிழமை இரவு, தலைமையை உங்கள் துணைத் தலைவரிடம் கொடுத்துவிட்டு, அவர் சொல்லுகிற இடத்தில் போய் நில்லுங்கள்.